பக்கத்து இருக்கை: ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ சித்திர நாவலும் உறையிடப்பட்ட அன்பும்

2023 ஜூலை மாதம், ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில், லீரா என்ற பெரிய புத்தக விற்பனை நிறுவனத்துக்கு அரசு நிர்வாகம் 1 கோடியே 20 லட்சம் ஃபோரிண்ட் அபராதம் விதித்தது. ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ என்ற சித்திர நாவலை இளையோர் நூல்களுக்கான அடுக்கில் வைத்தது, அதையும் மூடிய உறைக்குள் இடாமல் வைத்தது என்பவையே அந்நிறுவனம் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றங்கள்.

அந்நாட்டு நாடாளுமன்றம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. 18 வயதுக்குட்பட்டவர்களின் கைக்குக் கிடைக்கும் எதிலும் தன்பாலீர்ப்பையோ பாலின மாற்றத்தையோ காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து வந்த அரசாணை, இத்தகைய நூல்களைக் கடைகளில் மூடிய உறையிட்டே வைக்க வேண்டும் என்றது. பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் 200 மீட்டர் தொலைவுக்குள் அவற்றை விற்கவே கூடாது என்றும் சொன்னது.

அப்படி உறையிட வேண்டிய அளவுக்கு அந்த நூலில் இருப்பது என்ன? இங்கிலாந்தின் ஒரு பள்ளியில் படிக்கும் இரண்டு சிறுவர்கள் நண்பர்களாகிறார்கள். பிறகு காதலிக்கிறார்கள். கைகோத்துக்கொள்கிறார்கள், முத்தமிட்டுக்கொள்கிறார்கள். இதற்கு மேல் அதில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை.

மூடி வை, தள்ளி வை, இத்தனை அடிக்கு அப்பால் நிறுத்து என்ற கட்டளைகள் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தீண்டாமை என்பது பிறப்பின் பெயரால் ஒரு சமூகத்தையே நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் கல்வியிலிருந்தும் விலக்கி, அதன் உழைப்பை மட்டும் உறிஞ்சிக்கொண்ட ஏற்பாடு. உலகில் நடக்கும் ஒவ்வொரு விலக்கலையும் தீண்டாமை என்று பெயரிட்டு அழைத்தால், அந்தச் சொல்லின் வரலாற்றுக் கனம் குறைந்துபோகும். எனவே இரண்டும் ஒன்று என்று இக்கட்டுரை வாதிடவில்லை. இரண்டிலும் கையாளப்படும் கருவி ஒன்றாக இருப்பதை மட்டுமே கவனிக்கச் சொல்கிறது. மனிதர்கள் அருகருகே அமர்வதைத் தடுப்பதுதான் அந்தக் கருவி. ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ தொடங்குவதோ இரண்டு பேர் அருகருகே அமர்த்தப்படுவதில்தான்.

கதையும் அதன் வரவும்

ஆலிஸ் ஓஸ்மன் 1994இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். எழுத்து, ஓவியம் இரண்டும் அவருடையவை. 2014இல் வெளிவந்த ‘சாலிடேர்’ என்ற அவருடைய முதல் நாவலில் நிக், சார்லி என்ற இருவரும் துணைப் பாத்திரங்களாக வந்தார்கள். அவர்களுக்கென்றே தனிக் கதை எழுத விரும்பிய ஓஸ்மன், 2016 முதல் அதைச் சித்திரத் தொடராக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். 2018இல் வாசகர்களிடம் நிதி திரட்டி முதல் தொகுதியைத் தாமே அச்சிட்டார். அதன் பிறகே 2019இல் ஒரு பெரிய பதிப்பகம் அதை ஏற்றது. 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. 2023 முடிவதற்குள் ஐந்து தொகுதிகள் வெளியாகிவிட்டன. பெரும் நிறுவனங்களின் வாசலில் காத்துக் கிடக்காமல் வாசகர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த படைப்பு என்பதால், சிறு பத்திரிகைகளாலும் துண்டறிக்கைகளாலும் வளர்ந்த இயக்கங்களுக்கு இதன் வரலாறு அந்நியமாக இராது.

கதை எளியது. ட்ரூஹாம் என்ற கற்பனையான ஆண்கள் பள்ளியில் படிக்கும் சார்லி ஸ்பிரிங் தன்பாலீர்ப்பு கொண்டவன். அவன் விரும்பாமலேயே அந்தச் செய்தி முந்தைய ஆண்டில் பள்ளி முழுவதும் பரவி, கடுமையான கேலிக்கு ஆளானவன். நிக் நெல்சன் அவனைவிட ஒரு வகுப்பு மூத்தவன், ரக்பி ஆட்டக்காரன், எல்லோருக்கும் பிடித்தவன். வருகைப்பதிவு எடுக்கும் நேரத்தில் வெவ்வேறு வகுப்பு மாணவர்களைக் கலந்து அமர்த்துவது அப்பள்ளியின் வழக்கம். அதனால் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகள் கிடைக்கின்றன. முதலில் ஒரு வணக்கச் சொல். மறுநாள் மீண்டும் அதே சொல். பிறகு பேச்சு. சார்லி வேகமாக ஓடுவதைக் கண்ட நிக் அவனை ரக்பி அணிக்கு அழைக்கிறான். இவனுக்கு ரக்பியா என்று மற்றவர்கள் ஐயப்படும்போது, நிக் அவனுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறான்.

காதல் உடனே வந்துவிடுவதில்லை. முதல் தொகுதியின் பெரும்பகுதி நட்பைப் பற்றியது. நாயோடு விளையாடுவதும், பனியில் உருள்வதும், அலைபேசியில் எழுதிய செய்தியை அனுப்பலாமா வேண்டாமா என்று அழித்து அழித்து எழுதுவதுமாகப் பக்கங்கள் நகர்கின்றன. பல பக்கங்களில் உரையாடலே இல்லை. பார்வைகளும் கைகளும் மிதந்து செல்லும் இலைகளும் மட்டுமே இருக்கின்றன. சொல்ல அஞ்சுகிற ஓர் உணர்வைச் சொல்லாமலேயே காட்டச் சித்திரக் கதையின் கட்டங்கள் இங்கே உதவுகின்றன.

தம்மிடம் காதல் ஈர்ப்போ பாலீர்ப்போ இல்லை என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர் ஓஸ்மன் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். காதலைக் கொண்டாடும் அவருடைய நூலில் நட்பு காதலுக்குக் கீழ்ப்பட்டதாக ஒருபோதும் காட்டப்படுவதில்லை. டாவ் என்ற நண்பன், எல் என்ற திருநங்கை, டாரா, டார்சி என்ற பெண் இணையர் ஆகியோர் சூழ்ந்து நிற்பதால்தான் நிக், சார்லி இருவரின் காதலும் உயிர்பிழைக்கிறது.

மறைவில் ஏற்று, வெளியில் மறுப்போர்

இந்நாவலில் நம் வாசகர்கள் நின்று பார்க்க வேண்டிய பாத்திரம் பென் ஹோப். நிக் வருவதற்கு முன்பு சார்லிக்கும் பென்னுக்கும் உறவு இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் பென் அவனை முத்தமிடுவான். நாலு பேர் எதிரில் அவனை அறியாதவன்போல் கடந்து செல்வான். இதை இனியும் ஏற்க மாட்டேன் என்று சார்லி சொல்லும்போது பென் வலுக்கட்டாயமாக நடந்துகொள்கிறான். நிக் வந்து தடுக்கிறான்.

மறைவில் தொடுவது, வெளியில் மறுப்பது என்ற இந்த நடத்தை சாதியச் சமூகத்தில் எவ்வளவு ஆழமாக வேரோடியது என்று விளக்க வேண்டியதில்லை. பகலில் தண்ணீர்க் குவளையைத் தனியே வைத்தவர்கள், இரவில் அதே சேரிப் பெண்களின் உடல்மீது உரிமை கொண்டாடினார்கள். கல்லூரிக் காலம் முழுவதும் காதலித்துவிட்டு, திருமணம் என்று வந்ததும் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று விலகிக்கொள்ளும் ஆதிக்கச் சாதி இளைஞர்களின் கதைகள் நம் மாணவர் விடுதிகளில் ஏராளம். இவற்றில் இல்லாமல் போவது விருப்பம் அன்று. எதிரில் இருப்பவர் தமக்குச் சமமானவர் என்ற ஏற்பு.

பென்னும் அஞ்சுகிறான், அவனும் அந்தச் சூழலின் பலியாள்தான் என்று வாதிடலாம். நாவலும் அதை மறுக்கவில்லை. ஆனால் தன் அச்சத்துக்கான விலையைத் தன்னைவிட வலுவற்றவன் தலையில் சுமத்துவதை அது மன்னிப்பதும் இல்லை. நிக்கும் அஞ்சுகிறான். தான் யார் என்று தெரியாமல் இரவில் இணையத்தில் தேடி அழுகிறான். தான் இருபாலீர்ப்பு கொண்டவன் என்று உணர்ந்து, அதைத் தாயிடம் சொல்லவே அவனுக்குக் காலம் பிடிக்கிறது. அந்தக் காலத்தை அவன் எடுத்துக்கொள்ளும்போதும் சார்லியை அறியாதவன்போல் அவன் நடப்பதில்லை. இன்னும் சொல்ல இயலாதவனுக்கும், அந்த மௌனத்தைச் சாக்காக்கிப் பிறரை இழிவுபடுத்துகிறவனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பதின்ம வயது வாசகருக்கு விளங்கும்படி சொல்லியிருப்பது இந்நூலின் பெரும் வலிமை.

நான்காம் தொகுதி இன்னும் கனமானது. கேலி நின்றுவிட்டது, காதல் கிடைத்துவிட்டது. ஆயினும் சார்லியால் உணவு உண்ண முடியவில்லை. உணவுச் சிக்கலும் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலையும் அவனை மனநல மருத்துவமனைவரை கொண்டுசெல்கின்றன. நீ ஒருவனே அவனைக் காப்பாற்றிவிட முடியாது, பெரியவர்களின், மருத்துவர்களின் உதவி வேண்டும் என்று நிக்கின் தாய் அவனுக்கு எடுத்துச் சொல்கிறார். அவமதிப்பு நின்ற பிறகும் அதன் காயம் உடலில் தங்கியிருக்கும் என்பதை இப்பகுதி காட்டுகிறது. உயர்கல்வி நிறுவனங்களில் சாதிய அவமதிப்பைச் சந்தித்த மாணவர்களோடு பணியாற்றும் செயற்பாட்டாளர்கள் இதை நேரடியாக அறிவார்கள். குற்றம் செய்தவர் இடமாற்றம் செய்யப்பட்ட பின்னும் பாதிக்கப்பட்ட மாணவரால் வகுப்புக்குள் நுழைய முடியாமல் போவது உண்டு.

ஒரு படப் புத்தகமும் ஒரு சட்டமும்

இங்கிலாந்து எப்போதும் இத்தகைய நூல்களை வரவேற்ற நாடு என்று எண்ணிவிடக் கூடாது. டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் போஷ எழுதிய ‘ஜென்னி லிவ்ஸ் வித் எரிக் அண்ட் மார்ட்டின்’ என்ற குழந்தைகளுக்கான புகைப்படக் கதைநூல் 1983இல் ஆங்கிலத்தில் வந்தது. ஒரு சிறுமி தன் தந்தையோடும் அவருடைய ஆண் இணையரோடும் வாழும் அன்றாட வாழ்க்கையே அதன் பொருள். 1986இல் அந்நூலை முன்வைத்து நாளேடுகள் பெருங்கூச்சல் எழுப்பின. அந்தக் கூச்சலின் தொடர்ச்சியாக, மார்கரெட் தாட்சர் ஆட்சியில் 1988இல் ‘பிரிவு 28’ என்ற சட்டப்பிரிவு வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்றும், அது ஏற்கத்தக்க குடும்ப உறவு என்று அரசுப் பள்ளிகளில் கற்பிக்கப்படுவதை ஊக்குவிக்கக் கூடாது என்றும் அது கட்டளையிட்டது.

அந்தப் பிரிவின் வலிமை வழக்குகளில் இல்லை, அச்சத்தில் இருந்தது. எதைச் சொன்னால் சட்டமீறல் என்று தெரியாத ஆசிரியர்கள் எதையுமே சொல்லாதிருந்தார்கள். ஒரு மாணவன் கேலிக்கு ஆளாகி அழுதாலும் ஏன் என்று கேட்கத் தயங்கினார்கள். ஸ்காட்லாந்தில் 2000இலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும்தான் அது நீக்கப்பட்டது. அப்போது ஓஸ்மனுக்கு வயது ஒன்பது. ஆசிரியர்கள் வாய்மூடியிருந்த அந்தப் பள்ளிகளில் தம் முதல் வகுப்புகளைக் கழித்த ஒரு தலைமுறையே பிறகு ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ போன்ற நூல்களை எழுதியது.

இந்தியாவில் அத்தகைய சட்டப்பிரிவு இல்லை. ஆனால் 2021 நவம்பரில் நடந்ததை நினைவுகூரலாம். திருநர் குழந்தைகளைப் பள்ளிக்கல்வியில் உள்ளடக்குவது குறித்து ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பயிற்சிக் கையேடு, எதிர்ப்பு கிளம்பியதும் அதன் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஆசிரியர்களை ஊமையாக்கச் சட்டம் தேவைப்பட்டது. இங்கே ஒரு புகாரே போதுமானதாக இருந்தது.

நூலின் எல்லைகள்

‘ஹார்ட்ஸ்டாப்பர்’ நூலின் உலகம் இனிமையானது. அந்த இனிமைக்கு ஒரு வர்க்க முகம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ட்ரூஹாம் ஒரு கிராமர் பள்ளி. பதினோரு வயதில் தேர்வு வைத்து மாணவர்களைப் பிரித்தெடுக்கும் முறை இன்றும் தொடரும் பகுதிகளில் கென்ட் ஒன்று. அப்பள்ளிகளில் வறிய குடும்பத்துக் குழந்தைகள் குறைவு என்பது அங்கே நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம். சார்லிக்குத் தனி அறை உண்டு, கதவைச் சாத்திக்கொள்ளலாம். நோயுற்றால் சிகிச்சை உண்டு. நிக்கின் தாய் அவனை அணைத்துக்கொள்கிறார். வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டால் எங்கே உறங்குவது, அடுத்த வேளை உணவுக்கு என்ன செய்வது என்ற கேள்விகள் இவர்கள் எதிரில் நிற்பதில்லை.

சாதியால் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பால்புதுமையினருக்கு இந்தக் கேள்விகளே முதலில் வரும். லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் தமிழில் வெளியிட்ட ‘நான், வித்யா’ என்ற தன்வரலாறும், திருநருக்கான கிடைமட்ட இட ஒதுக்கீட்டுக்காகத் தொடர்ந்து போராடிவரும் கிரேஸ் பானுவின் அரசியலும் இதையே நமக்குச் சொல்கின்றன. அடையாளத்துக்கான ஏற்பு மட்டும் போதாது, கல்வியும் வேலையும் தங்குமிடமும் சேர்ந்தே வேண்டும். சாதியைப் பேசாத பால்புதுமையர் இயக்கத்தையும், பால்புதுமையரைப் பேசாத சாதி எதிர்ப்பு இயக்கத்தையும் இவர்கள் ஒருசேரக் கேள்விக்கு உட்படுத்தினார்கள்.

அப்படியானால் மகிழ்ச்சியான ஒரு காதல் கதை நமக்கு ஆடம்பரமா? அப்படிச் சொல்வது தவறு. ஒடுக்கப்பட்டோரைப் பற்றிய கதைகள் என்றாலே சாவில் முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஆதிக்கப் பார்வையின் ஒரு பகுதி. தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிய படைப்புகளிலும் நீண்ட காலம் தற்கொலையும் கொலையுமே முடிவாக வைக்கப்பட்டன. துயரத்துக்கு மட்டுமே உரியவர்களாக நம்மைக் காட்டுவதும் ஒரு வகையில் நம்மைத் தனியே அமர்த்துவதுதான். எல்லோரையும்போல் சிரித்து, சண்டையிட்டு, வீட்டுப்பாடத்தை மறந்து, காதலித்து வாழும் சிறுவர்களாக அவர்களைக் காட்டியதே ஹங்கேரி அரசுக்குப் பொறுக்கவில்லை. அவலக் கதையாக இருந்திருந்தால் அதை ஓர் எச்சரிக்கை என்று சொல்லிக்கூட விட்டிருப்பார்கள்.

நம் வகுப்பறையில் யார் பக்கத்தில் யார்

அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வகுப்பறையின் மூலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணித்துண்டின்மேல், அவர் தனியே அமர வேண்டியிருந்தது. மாலையில் அந்தக் கோணியையும் அவரே வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்பவர் அதைத் தொட மாட்டார். இந்த அனுபவங்களைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகிய கோண்டு பழங்குடி ஓவியர்கள் 2011இல் வெளிவந்த ‘பீமாயணா’ என்ற சித்திர நூலில் வரைந்தார்கள். பள்ளிச் சிறுவனின் தனிமையைப் படக்கதையாகச் சொல்லும் மரபு நமக்கும் இருக்கிறது.

இருக்கை பற்றிய கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் அவர்களது வீட்டிலேயே, உடன் படித்த மாணவர்களால் வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்களை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கேட்பதற்கு மிகச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் தாமாக அமரவிட்டால் சாதியாகப் பிரிந்தே அமரும் வகுப்பறையில், யார் பக்கத்தில் யார் என்பதைச் சாதி முடிவு செய்யாமல் பெயரின் முதலெழுத்து முடிவு செய்வது ஒரு தொடக்கம். ட்ரூஹாம் பள்ளியில் நிக்கையும் சார்லியையும் சேர்த்து வைத்ததும் இத்தகைய ஓர் ஏற்பாடுதான். அந்த ஏற்பாடு நட்பை உண்டாக்கவில்லை. நட்புக்கு இடம் மட்டும் கொடுத்தது.

அருகருகே அமர்ந்தால் நட்பு வரும், நட்பிலிருந்து காதல் வரும் என்பதைச் சாதி நன்றாக அறியும். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையில், அகமணமே சாதியின் சாரம் என்று அம்பேத்கர் நிறுவினார். யார் யாரை விரும்பலாம் என்பதைக் குடும்பமும் ஊரும் கட்டுப்படுத்தினால்தான் சாதி அடுத்த தலைமுறைக்குச் செல்லும். அந்தக் கட்டுப்பாட்டை மீறிய காதலுக்குக் கிடைக்கும் தண்டனையே ஆணவக் கொலை. தன் மகள் இன்னொரு பெண்ணை விரும்புகிறாள் என்று அறிந்ததும் அவளை அறையில் பூட்டிவைத்து, அவசரமாகச் சொந்தச் சாதியில் மாப்பிள்ளை தேடும் குடும்பமும் அதே கட்டுப்பாட்டைத்தான் செலுத்துகிறது. சாதி மறுப்புக் காதலர்களைப் பாதுகாக்க முன்வரும் இயக்கத் தோழர்கள், இந்தப் பெண்ணின் வழக்கு தம்மிடம் வரும்போது அது வேறு பிரச்சினை என்று திருப்பி அனுப்ப முடியாது.

சட்டம் இந்தத் தொடர்பை ஓரளவு கண்டுகொண்டிருக்கிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை எதிர்த்த வழக்கில் 2009இல் தில்லி உயர் நீதிமன்றமும், 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமும் அம்பேத்கர் வலியுறுத்திய அரசமைப்பு அறத்தையே தம் தீர்ப்புகளுக்கு அடிப்படையாகக் கொண்டன. பெரும்பான்மையின் ஒழுக்கக் கருத்து தனிமனித உரிமையை அளக்கும் கோல் ஆகாது என்ற வாதம் அம்பேத்கரியச் சிந்தனையிலிருந்து பெற்றது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில், நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தமக்கே இது குறித்துப் புரிதல் தேவை என்று ஒப்புக்கொண்டார். உளவியல் வல்லுநரிடம் கற்றுக்கொண்ட பிறகு 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளை அந்த ஆணை தடைசெய்தது. பள்ளி, கல்லூரிகளில் விழிப்புணர்வு ஏற்படுத்தவும் வழிகாட்டியது. எனினும் தன்பாலினத் திருமணத்துக்கு ஏற்பு வழங்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆணைகள் கோப்புகளில் இருக்கின்றன. வகுப்பறைகளுக்குள் அவை எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதை ஒவ்வொரு கல்லூரி மாணவரும் தம் கல்லூரியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சட்டம் எட்டாத அந்த இடத்தில்தான் நட்பின் வேலை தொடங்குகிறது. சனநாயகம் என்பது வெறும் ஆட்சிமுறை அன்று, உடன் வாழும் மனிதரை மதித்துக் கூடி வாழும் முறை என்று ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் விளக்கினார். தம் இறுதி ஆண்டுகளில் பௌத்தத்தின் மைத்ரி என்ற கருத்தை அவர் பெரிதும் வலியுறுத்தினார். மாணவர் அமைப்புகள் இதை நடைமுறைக்குக் கொண்டுவரச் சில எளிய வழிகள் உண்டு. அம்பேத்கர் வாசகர் வட்டங்களின் பட்டியலில் ‘பீமாயணா’, ‘நான், வித்யா’ ஆகியவற்றோடு ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ நூலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவருடைய பாலீர்ப்பையோ சாதியையோ அவர் அனுமதியின்றிப் பிறரிடம் சொல்வதில்லை என்ற ஒழுங்கை அமைப்பின் விதியாகவே எழுதி வைக்கலாம். சார்லியின் துன்பம் அந்த ஒழுங்கு மீறப்பட்ட இடத்தில்தான் தொடங்கியது. விடுதியில் ஒரு தோழர் கேலிக்கு ஆளாகும்போது, உணவுக்கூடத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் போய் அமரலாம்.